ஒரே பெயர் அரசர்களும் எங்கள் வீட்டு அவரும்

பெயரைச் சொல்லமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை வாசித்துவிட்டு, பெயரைச் சொல்லாமலே ஏமாற்றிவிட்டாள் என்று யாரும் என்மேல் பாயக் கூடாது. பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்தவர்களுக்கு நான் சொல்லாமலே விளங்கும். நாட்டுக்கு அரசனையும் காட்டுக்கு அரசனையும் சேர்த்தால் வருகிற பெயர் அது. சீதாவாக்கையில் ஒருவர் அந்தப் பெயரோடு ஆண்டார். பிறகு கண்டியில் ஒருவர் ஆண்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் அதே பெயருக்கு முன்னால் ஸ்ரீ போட்டும், வேறு பட்டங்கள் போட்டும் வரிசையாக ஆண்டார்கள். கடைசியாக ஆண்டவரை வெள்ளைக்காரன் பிடித்து வேலூருக்குக் கப்பலேற்றினான். அவருக்கும் அதே பெயர்தான். எங்கள் தமிழ் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? அரசர்கள் போன பிறகு அந்தப் பெயரை எடுத்து வீட்டுக்கு வீடு வைத்துக்கொண்டார்கள். களுவாஞ்சிக்குடிச் சந்தையில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் மீன் விற்கிறவரும் திரும்பிப் பார்ப்பார், வாங்குகிறவரும் திரும்பிப் பார்ப்பார்.

அப்படிப் பெயர் வைத்தவர்களில் ஒருவர் என் மாமியார். அவருடைய மகனைத்தான் நான் கட்டினேன். நான் படிப்பித்த பாடமோ வரலாறு.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரை ஊர்களில் மனைவி கணவனின் பெயரைச் சொல்லுவதில்லை. சொன்னால் அவருடைய ஆயுசில் ஒரு துண்டு குறையும் என்பார்கள். நான் இப்படியான கதைகளுக்கெல்லாம் வாய்விட்டுச் சிரிக்கிறவள். பல்லி சொன்னதென்று பயணத்தை நிறுத்தின அம்மாவிடம், "பல்லிக்கு வேற வேலையில்லையா, உங்கட பயணத்தையா பார்த்துக்கொண்டு கிடக்கு?" என்று கேட்டு அடி வாங்கினவள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வாய் எழும்பாது. அதற்குக் காரணம் இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா ஒரு காணி அலுவலாக அரசாங்கக் கந்தோருக்குப் போனார். அங்கே கணவர் பெயரைக் கேட்டார்கள். எடுத்துச் சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. அம்மா தன் வாயாலேயே சொல்லிவிட்டார். அந்தப் போக வெள்ளாமை வெட்டி முடியமுன் அப்பாவை வயல் வரம்பில் பாம்பு தீண்டியது. அம்மாவுக்கு அதில் சந்தேகமே கிடையாது. தான் சொன்னதால்தான் போனார் என்று சாகும்வரை நம்பினார். எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் சந்தேகம் இருக்கிறது என்பதற்காகக் கட்டின மனிதரின் உயிரை வைத்துச் சரி பிழை பார்க்க முடியுமா?

அதுவும் அந்த நேரத்தில். சண்டைக் காலம். எங்கள் ஊரிலிருந்து களுவாஞ்சிக்குடிக்குப் போவதென்றால் தோணியில் வாவியைக் கடக்க வேண்டும். இந்தக் கரையில் இயக்கப் பெடியள் துவக்கோடு நின்றார்கள். அந்தக் கரையில் ஆமி துவக்கோடு நின்றது. நடுவில் தண்ணீர், தண்ணீரில் தோணி, தோணியில் எங்கள் வீட்டு அவர். களுவாஞ்சிக்குடியில் ஒரு சைக்கிள் கடையில் வேலை. சண்டையால் கடை அரை நாள்தான்; வெள்ளனப் போனால் பள்ளிக்கூடம் விடுகிற நேரத் தோணியில் திரும்புவார். ஒவ்வொரு நாளும் அவர் தோணி ஏறின நேரத்திலிருந்து இறங்குகிற நேரம் வரைக்கும் என் காது வாவிப் பக்கமே இருக்கும். நான் அப்போது தொண்டர் ஆசிரியை. சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை; என்றாவது நிரந்தர நியமனம் தருவார்கள் என்ற நம்பிக்கையில் படிப்பித்துக்கொண்டிருந்தோம். அந்த நியமனம் மட்டும் வந்துவிட்டால் என் சம்பளத்தில் வீடு ஓடும், அவர் ஊரிலேயே ஒரு கொட்டில் போட்டுச் சைக்கிள் திருத்தலாம், தோணி ஏறத் தேவையில்லை. வேறு ஆசை எனக்கு அந்த நாளில் இருக்கவில்லை. உடுப்பு வேண்டாம், நகை வேண்டாம். அவரைத் தோணியிலிருந்து இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவருக்கோ எல்லாம் பகிடி. சாப்பிட உட்கார்ந்தால், "கண்டி மகாராசாவுக்கு இண்டைக்கு என்ன கறி?" என்பார். "கெளுத்தி. அதுவும் வால்பக்கம். மகாராசா வாயை மூடிக்கொண்டு தின்னட்டும்" என்பேன். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரிப்பார். மருமகனுக்கு முன்னால் வந்து சிரிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை.

பத்தாம் ஆண்டு வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. கிடுகுக் கொட்டில் வகுப்பு. முழு வகுப்புக்கும் பாடப்புத்தகம் ஒன்றுதான், அதுவும் என் கையில். "போர்த்துக்கேயரைக் கொழும்புக் கோட்டைக்குள் அடைத்துவைத்த சீதாவாக்கை அரசன்" என்றுவரை வந்துவிட்டேன். அடுத்த சொல் அந்தப் பெயர். வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை; புத்தகத்தை மூடிவிட்டேன். முந்தின வருடங்களில் இந்தப் பெயரை எத்தனை தடவை சொல்லியிருப்பேன், தெரியாது. அப்போது நான் கல்யாணம் முடிக்கவில்லை.

முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். கெட்டிக்காரி, அதைவிடப் பெரிய வாய்க்காரி. என்னைப் போலவே ஒருத்தி என்பதால் அவளோடு எனக்கு நாளாந்தம் கொழுவல். அவள் மெல்லக் கேட்டாள்.

"டீச்சர், உங்கட அவர்ட பேரா?"

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. என்னாலும் அடக்க முடியவில்லை.

"ஓம். அவர்ட பேர்தான். இந்தப் பாடம் முடியமட்டும் நான் பேர் சொல்லித் தரமாட்டன். ஆளைச் சொல்லித் தருவன். பேரை நீங்களே போட்டுக்கொள்ளுங்க."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன், அந்த அரசர்களை அவ்வளவு நன்றாக வேறு யாரும் படிப்பித்திருக்கமாட்டார்கள். பெயரை வைத்துப் படிப்பித்தால் பிள்ளைகள் எல்லாரையும் போட்டுக் குழப்பியடிப்பார்கள். முதலாமவர் செய்ததை இரண்டாமவர் தலையில் கட்டுவார்கள். பெயரே இல்லையென்றால் ஒவ்வொருவரையும் அவரவர் செய்த வேலையைக் கொண்டுதான் பிடிக்க வேண்டும். ஒருவர் கொழும்பை வளைத்தவர். ஒருவர் ஒல்லாந்தரைக் கூட்டிவந்தவர். ஒருவர் ராணியின் தம்பி. ஒருவர் சீயத்திலிருந்து பிக்குமாரை அழைப்பித்தவர். ஒருவர் படிப்பாளி. ஒருவர் வேலூருக்குப் போனவர். ஒல்லாந்தரைக் கூட்டிவந்தவரில்தான் பிள்ளைகளுக்குக் கூட விருப்பம். எங்கள் மட்டக்களப்புக் கோட்டை அவருடைய கதையில் வருகிறதே. அந்தக் கோட்டைக்குள் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகம் இருக்கிறது, அம்மா அப்பாவோடு அலுவலுக்குப் போய் எல்லாரும் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

ராணியின் தம்பி வந்த இடத்தில் நான் கொஞ்சம் பயந்தேன். அரசருக்குப் பட்டத்துக்கு உரிய பிள்ளையில்லை, ஆகவே ராணியின் தம்பி அரசனானார். இதை மற்ற ஊர்களில் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் பிள்ளைகள் இமைகூட வெட்டவில்லை. எங்கள் பக்கத்தில் குடி என்பது தாய்வழியாக வருவது. வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை வந்து பெண்வீட்டில் இருப்பார், தாய்மாமன் சொல்லுக்குத்தான் மதிப்பு.

"மறுகா வேற ஆருக்குக் குடுக்கிற, டீச்சர்?" என்று அந்த வாய்க்காரி கேட்டாள். "பொம்புளப் பக்கத்துக்குத்தானே போகோணும். அது நம்மட முறைதானே."

இப்படிக் கண்டி ராச்சியம் எங்கள் ஊர்க் கதையாகிவிட்டது. பிள்ளைகள் அந்த அரசர்களைப் பற்றிக் கதைத்தால் பக்கத்து வளவு ஆட்களைப் பற்றிக் கதைப்பதுபோல இருக்கும். நான் வீட்டில் இதைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அதுகளிட்டச் சொல்லு, ரெண்டாம் ஆளுக்குக் கோட்டை கிடைச்சது, இந்த ஆளுக்கு ஒரு சைக்கிள் கொட்டிலும் கிடைக்கல்ல எண்டு."

அந்தத் தவணைப் பரீட்சை வந்தது. வழக்கமாக நாங்களே வைத்து நாங்களே திருத்துவோம். அந்த முறை கல்விக் கந்தோரிலிருந்து உத்தரவு: தாள்களை அனுப்புங்கள், நாங்கள் திருத்துகிறோம். பிள்ளைகள் எழுதின தாள்களை அன்றைக்கே பள்ளிக்கூட அதிபர் உரப்பையொன்றில் கட்டிவிட்டார். நான் அவற்றைப் பார்க்கவில்லை. யாரிடம் கொடுத்து அனுப்புவது? ஒவ்வொரு நாளும் களுவாஞ்சிக்குடிக்குப் போகிற ஆள் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அவர் உரப்பையை மடியில் வைத்துக்கொண்டு தோணியில் போனார். அக்கரைத் துறையில் ஆமிக்காரன் பையைத் திறக்கச் சொன்னானாம், கடதாசியைக் கண்டதும் கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டானாம். கந்தோரில் கொடுத்துவிட்டு அவர் கடைக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலையில், கல்விக் கந்தோர் அதிகாரி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மோட்டார் சைக்கிளைத் தோணியில் ஏற்றிக்கொண்டு வந்தவர். சேட்டு முழுக்க வியர்வை. கக்கத்தில் அதே உரப்பை. நியமனத்துக்கு யாரைச் சிபாரிசு செய்வது என்று தீர்மானிக்கிறவர் அவர்தான். அதிபரின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

"டீச்சர், உங்கட கணவர் என்ன தொழில்?"

"சைக்கிள் திருத்துறவர், சேர்."

"கோட்டை ஒண்டும் பிடிக்கல்லயே?"

வெயில் இவருக்குத் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தேன். அவர் உரப்பைக்குள் கையை விட்டு ஒரு தாளை எடுத்து வாசித்தார். கேள்வி, ஒல்லாந்தரின் உதவியுடன் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றிய கண்டி மன்னன் யார்? விடை, டீச்சரின் அவர். இன்னொரு தாளை எடுத்தார். விடை, பெயர் சொல்லக் கூடாதவர், இரண்டாம் ஆள். இன்னொன்று. களுவாஞ்சிக்குடி சைக்கிள் கடை அண்ணனின் பெயருடையவர். பிறகு ஒரு நீளமான விடையை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"டீச்சரின் அவர் வெளிநாட்டாரோடு இரகசியமாகக் கதைத்து, அவர்களுடைய கப்பல்களை வரவழைத்து, கோட்டையைப் பிடித்தார். இதனால் டீச்சரின் அவர் மிகவும் புகழ்பெற்றார்."

அதிபர் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைப்பதுபோல வாயை மூடிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

"சிரிக்கிற விசயமில்ல, ஐயா" என்றார் அதிகாரி. "இந்த நாளையில, தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தன் துறையில நிண்டு இதை வாசிச்சிருந்தா? ஆர் இதைக் கொண்டுவந்து கந்தோரில தந்தது?"

"அவர்தான், சேர்" என்றேன்.

"எவர்?"

"கோட்டை பிடிச்சவர்."

அதிபர் எழுந்து வெளியே போய்விட்டார். வெளியில் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு அவர் ஆமிக்காரனுக்கு முன்னால் நின்றதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், நீங்க நல்லாப் படிப்பிக்கிறீங்க எண்டுதான் எல்லாரும் சொல்றாங்க. பிள்ளைகளுக்கு விசயம் தெரிஞ்சிருக்கு. ஆனா முழு வகுப்பிலயும் ஒரு பிள்ளையும் பேர் எழுதல்ல. அந்தக் கேள்விகளுக்கெல்லாம் சைபர். உங்கட பேர் நியமனத்துக்கு என்ட மேசையில கிடக்கு. அரசன்ட பேரைச் சொல்லமாட்டன் எண்டு நிக்கிற வரலாற்று டீச்சருக்கு நான் என்னண்டு சிபாரிசு எழுதுற?"

எனக்கு உடனே சூடேறிவிட்டது. என் சுபாவம் அது. வேலை போகப்போகிறது என்று தெரிந்தாலும் வாய் நிற்காது.

"உங்கட மனிசி உங்கள என்னண்டு சேர் கூப்பிடுறா?"

அவர் இருமினார். யன்னலைப் பார்த்தார். பிறகு, "அவ வரலாறு படிப்பிக்கல்ல" என்றார்.



"வகுப்புக்குப் போவம். நான் பின்னால இருக்கிறன். அந்தப் பாடத்தைத் திரும்ப எடுங்க. பேரைச் சொல்லி எடுங்க. அதுக்குப் பிறகு யோசிப்பம்" என்று எழும்பினார்.

வகுப்புக்குள் போனதும் அவர் பின்வாங்கில் உட்காரவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, தாள்களைத் தூக்கிக் காட்டி, "ஏன் ஒருத்தரும் பேர் எழுதல்ல? உங்களுக்குப் பேர் தெரியாதா?" என்று கேட்டார்.

டீச்சர் சொல்லித் தரவில்லை என்று சொல்லப்போகிறார்கள், என் கதை முடிந்தது என்று நான் சுவரோடு நின்றேன். அந்த வாய்க்காரிதான் எழும்பினாள்.

"தெரியும், சேர்."

"தெரிஞ்சா ஏன் எழுதல்ல?"

"டீச்சர்ட அவர் ஒவ்வொரு நாளும் தோணியில போய் வாறவர், சேர். எங்கட வீட்டுக்கு முன்னாலதான் போறவர். பேரைச் சொன்னா ஆயுசு குறையுமாம். சொன்னாலே குறையுமெண்டா, வகுப்பு முழுக்க எழுதினா எவ்வளவு குறையும்? அதான் ஒருத்தரும் எழுதுறல்ல எண்டு பரீட்சைக்கு முதலே கதைச்சிற்றம். சைபர் வந்தாப் பரவாயில்ல, சேர். அவர் வந்து சேரட்டும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மற்றப் பிள்ளைகள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு முன்னால் அழுகிற டீச்சர் இல்லை நான், ஆனால் அன்று வந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லித்தர ஆளும் இல்லை, ரியூசனும் இல்லை, புத்தகமும் இல்லை. இருக்கிற ஒன்றிரண்டு புள்ளியையும் என் மனிதருக்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டு இருக்கிறார்கள். அடுத்த வருடம் இவர்கள் எழுதப்போவது அரசாங்கப் பரீட்சை. அதில் போய் "டீச்சரின் அவர்" என்று எழுதினால் எந்த ஊர் மாஸ்டருக்கு விளங்கும்? அதோடு இன்னொன்றும் எனக்கு அப்போது சட்டென்று தெளிந்தது. நான் இந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டாலும் அவர் நாளைக்கும் தோணி ஏறத்தான் போகிறார். சொன்னால் ஒருவேளை ஏறத் தேவையில்லாமல் போகும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெண்கட்டியை எடுத்தேன். "எல்லாரும் கொப்பியை எடுங்க" என்றேன். கரும்பலகையில் எழுதினேன். எழுதினதை வாய்விட்டுச் சொன்னேன். முதல் தடவை எனக்கே கேட்காத அளவுக்குத்தான் குரல் வந்தது. இரண்டாமவருக்கு வரும்போது கொஞ்சம் கூடியது. ராணியின் தம்பி, பிக்குமாரை அழைப்பித்தவர், படிப்பாளி என்று ஒவ்வொருவருக்கும் அவரவர் பட்டத்தோடு அந்தப் பெயரைச் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. யார்மேல் கோபம் என்று தெரியாது. துவக்கு வைத்திருந்த எல்லார் மேலும்தான். வேலூருக்குப் போனவருக்கு வரும்போது அடுத்த வகுப்புக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அந்த வாய்க்காரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எழுதினாள். அவளுடைய எழுத்து கோணிப்போயிருந்தது.

அதிகாரி பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். பாடம் முடிந்தும் எழும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, டீச்சர்" என்றார்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வாவிப் பக்கத்திலிருந்து வெடிச் சத்தம் கேட்டது. நிறைய இல்லை. கேட்ட அளவு போதும். என் கையும் காலும் ஓடவில்லை. பிறகு ஓடினது கால்தான். நேரே துறைக்கு ஓடினேன்.

துறையில் எனக்கு முன்னமே அம்மா நின்றார். எங்கள் ஊரில் விஷயம் பரவுவதற்கு ரேடியோ தேவையில்லை.

"சொல்லிற்றியாமே" என்றார்.

"ஓம்."

"எத்தின தரம்?"

"எத்தின அரசர் இருந்தாங்களோ, அத்தின தரம்."

அம்மா மணலில் குந்தித் தலையில் கையை வைத்தார். "நான் ஒருக்காத்தான்கா சொன்னன்" என்றார். பிறகு என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் அவ்வளவு பயந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பல்லியைப் பற்றிப் பேசின வாய் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. தெரிந்த தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டேன். தெய்வங்களின் பெயரைச் சொல்லலாம், அதற்குத் தடையில்லை.

அதிகாரியும் மோட்டார் சைக்கிளோடு வந்து நின்றார். அவருக்கும் அதே தோணியில்தான் திரும்ப வேண்டும். அவர் எங்களைப் பார்க்கவில்லை. கையை நெற்றிக்கு மேல் வைத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் போகப் போக எங்களைவிட அவர்தான் கூட அந்தரப்பட்டார். "தோணி வழமையா இவ்வளவு சுணங்குமா?" என்று துறையில் நின்ற ஒவ்வொருவரிடமும் கேட்டார்.

வெயில் தணிகிற நேரம் தோணி தெரிந்தது. கரையோரக் கண்ணாப் பற்றைக்கு இந்தப் பக்கம் வந்ததும் ஆட்களை அடையாளம் பார்த்தேன். ஒரு சைக்கிள் டயரைக் கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, பக்கத்திலிருந்தவரோடு கதைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். எங்கள் வீட்டு அவர். எனக்கு உயிர் வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது.

"வெடிச் சத்தம் கேட்டதே, எங்க போய்க் கிடந்தீங்க?"

"ஆமிக்காரன் முதலைக்கு வெடி வைச்சவனாம். முதலை தப்பிற்று. தோணியைத்தான் மறிச்சு வைச்சிற்றான்" என்றார். அப்போதுதான் மணலில் குந்தியிருந்த அம்மாவையும், மோட்டார் சைக்கிளோடு நின்ற அதிகாரியையும் கண்டார். "என்ன, முழு ஊரும் நிக்குது?"

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்கதானா கோட்டையைப் பிடிச்சவர்?" என்றார். எங்கள் வீட்டு அவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். அதிகாரி மோட்டார் சைக்கிளைத் தோணியில் ஏற்றினார். தானும் ஏறி நின்றுகொண்டு, "சிபாரிசு எழுதுறன், டீச்சர். ஆனா இனிமே பரீட்சைத் தாளக் கொண்டுவர வேற ஆரையும் பாருங்க" என்றார்.

சொன்னபடி எழுதினார். நியமனம் வந்து சேர அடுத்த வெள்ளாமையும் வெட்டி முடிந்துவிட்டது. ஆனால் வந்தது. வந்த மாதமே அவர் தோணி ஏறுவதை விட்டார். எங்கள் வளவுக்கு முன்னால் கொட்டில் போட்டு ஒரு காற்றுப் பம்போடு தொடங்கினார். வாய்க்காரி அடுத்த வருடம் அரசாங்கப் பரீட்சையில் வரலாற்றில் நல்ல புள்ளியோடு சித்தியடைந்தாள். எல்லா அரசருக்கும் பெயர் எழுதினாளாம். அதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று பின்னேரம் நடந்த ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை.

துறையிலிருந்து வீட்டுக்கு நடந்தோம். அம்மா கோயிலுக்குக் கற்பூரம் கொளுத்த வேண்டுமென்று எங்களை விட்டுவிட்டு வேகமாக முன்னால் போய்விட்டார். எங்கள் வீட்டு அவர் துறையில் விட்டிருந்த தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வழியில் நடந்ததையெல்லாம் சொன்னேன். உரப்பைக் கதைக்கு நன்றாகச் சிரித்தார். பிள்ளைகள் ஏன் பெயர் எழுதவில்லை என்று சொன்னபோது சிரிக்கவில்லை.

பிறகு, "முழு வகுப்புக்கும் சொன்னியாம். கந்தோர் ஐயாவுக்கும் சொன்னியாம். கட்டின எனக்கு மட்டும் நீ ஒருநாளும் சொல்லல்லயே, புள்ள" என்றார்.

"பேசாம வாங்க."

"உன்ட வாயால அது எப்பிடிக் கேக்கும் எண்டு எனக்குத் தெரியாது. இவ்வளவு காலமாத் தெரியாது."

பகிடிக்குச் சொல்லவில்லை. எனக்கு அது உடனே தெரிந்தது. முன்னும் பின்னும் பார்த்தேன். ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. இருந்த பயம் எல்லாம் துறையிலேயே செலவாகிவிட்டது. நின்று, அவருடைய முகத்தைப் பார்த்து, அந்தப் பெயரைச் சொன்னேன். பட்டம் போடவில்லை, ஸ்ரீ போடவில்லை. வெறும் பெயர்.

அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க வேண்டுமென்றுதான் பழையபடி பகிடிக்குப் போனார்.

"டீச்சர், இவர் எத்தினையாம் ஆள்?"

"ஒராளுக்கு மேல இருந்தாத்தான் நம்பர் போடுற" என்றேன். "நடங்க."